இடது சுண்டுவிரல்

எட்டாவது தடவையும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. ஒரே ஒரு விரல் தொட்டுக்கொண்டிருக்கிற சுரத்திலிருந்து எட்டு விரலும் ஒரே அடியில் மூட வேண்டிய சுரத்துக்குத் தாவுகிற இடம் அது. ஏழு விரல் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய் உட்கார்ந்துவிடுகிறது. எட்டாவதாக ஒன்று, வலது மோதிர விரல், பந்தி முடிகிற நேரத்தில் வந்து சேருகிற மாமனைப் போல ஆடி அசைந்து வருகிறது; அதற்குள் கிளாரினெட் கீச்சென்று கத்தி மானத்தை வாங்கிவிடுகிறது. கத்தட்டும், இங்கே யார் கேட்கப் போகிறார்கள், இந்த டிரம் ஸ்டோரில் தோல் கிழிந்த பேஸ் டிரம் இரண்டும் கரப்பான்பூச்சியும்தானே இருக்கின்றன என்று சிகாமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பேண்டு ஹால். ஹாலில் மேஜை போட்டு, மேஜை மேல் பச்சைத் துணி விரித்து, தலைமையகத்திலிருந்து வந்திருக்கிற பெரிய அதிகாரிக்கு இளநீர்கூட வெட்டி வைத்தாயிற்று. மணி இரண்டு பத்து. மூன்று மணிக்குத் தேர்வு. பட்டாலியன் பேண்டில் முதல் கிளாரினெட் நாற்காலி காலியாகி ஒரு மாதம் ஆகிறது. அதற்குப் போட்டி இரண்டே பேர். ஒருவன் தனுஷ்கோடி. இன்னொருவன் ஏட்டு ஞானசிகாமணி, வயது நாற்பத்து மூன்று, பத்தொன்பது வருஷமாக இரண்டாம் வரிசையில் நின்று முன்னால் நிற்பவனின் பிடரியைப் பார்த்தே ஊதிக்கொண்டிருப்பவன். அந்த நாற்காலியில் உட்காருகிறவன்தான் நாளைக்கு பேண்டு மாஸ்டர். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சிகாமணிக்கு அது வேண்டும். ஆசையே இல்லாதவன் போலப் ஒரு மாதமாகத் தலையைச் சொறிந்துகொண்டு திரிந்தானே, அதெல்லாம் சும்மா. அந்த நாற்காலியின் பிளாஸ்டிக் நாடாகூட அவனுக்குக் கனவில் வருகிறது. ஒன்பதாவது தடவை. மூச்சை இழுத்து, ரீடை நாக்கால் நனைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக. கீச்.

இத்தனைக்கும் இது அவன் வாசிக்க வேண்டிய பாதியே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பேண்டில் பதினேழாம் நம்பர் என்று ஒரு துண்டு உண்டு. அதற்குப் பேர் என்னவோ இருந்திருக்கும், தாளின் தலைப்பைக் கரையான் தின்று எத்தனையோ காலம் ஆயிற்று, அதனால் வெறும் பதினேழு. அதில் எஃப் குறி போட்ட இடத்திலிருந்து பதினாறு பார், அதாவது பதினாறு தாளக் கட்டம், மூச்சு விட நேரம் கிடையாது, விரலுக்கு ஓய்வு கிடையாது, எழுதின புண்ணியவான் கிளாரினெட்டைக் கையால் தொட்டிருக்கவே மாட்டான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்ட் மாதம் இது கையில் வந்தபோது தனுஷ்கோடியும் சிகாமணியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரே பேட்ச், ஒரே நாளில் யூனிஃபார்ம் வாங்கியவர்கள், ஒருத்தன் ராமநாதபுரத்துப் பக்கம், ஒருத்தன் திருநெல்வேலிப் பக்கம். மூன்று நாள் உதடு வீங்க ஊதிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. அப்போது கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே தனுஷ்கோடிதான் சொன்னான். "மாப்ள, எதுக்கு ரெண்டு பேரும் சாவணும்? மேல எட்டு பார் எனக்கு, கீழ எட்டு பார் உனக்கு. நான் விடுற இடத்துல நீ எடு. ரெண்டு கிளாரினெட் ஒண்ணா ஊதுற மாதிரிதான் கேக்கும். எவனுக்குத் தெரியப் போகுது?" சிகாமணிக்கு அது கடவுள் வாக்குப் போலக் கேட்டது. ஆனா ஒண்ணு, என்று விரலை நீட்டினான் தனுஷ்கோடி. "என் பாதிய நீ தொடாத, உன் பாதிய நான் தொட மாட்டேன். பழகிட்டோம்னு வையி, கை நிக்காது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மேல விழுவோம். பாதியோட நிக்கணும்னா மீதி தெரியாமலே இருக்கணும்." எவ்வளவு நியாயமான பேச்சு. இப்போது நினைத்தாலும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் கொடுமை. பத்தாவது தடவை மோதிர விரலுக்கு முதலிலேயே ஒரு அதட்டல் போட்டான், எலே நீ முன்னால போ. போயிற்று. தாவி விட்டது. கிளாரினெட் கத்தவில்லை. நம்ப முடியாமல் இன்னொரு தடவை செய்தான், அதுவும் சரி, இன்னொரு தடவை, கீச், சரி போகட்டும், மூன்றுக்கு இரண்டு, அரசாங்க வேலையில் மூன்றுக்கு இரண்டு என்பது பெரிய விஷயம்.

வேர்வை காதுக்குப் பின்னால் வழிந்து காலருக்குள் போயிற்று. தகரக் கூரை. ஃபேன் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் கீ எல்லாம் வழுக்கும். கர்சீப்பால் கீயைத் துடைத்தான், விரலைத் துடைத்தான், மறுபடி கீயைத் துடைத்தான். புஷ்பலீலா ஒரு தடவை கேட்டாள், கல்யாணமான புதிதில், மீன் உரசிக்கொண்டே: "ஏங்க, அந்தப் பாட்டை மட்டும் ஏன் எப்பவும் நடுவுல இருந்தே ஆரம்பிக்கிறீங்க? தலையில்லாத மீன் மாதிரி இருக்கு." தலை தனுஷ்கோடி வீட்டில் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். வீட்டில் பெண் ஜெமிலா பல் தேய்க்கும்போது பதினேழை முணுமுணுப்பாள், அவளும் நடுவிலிருந்துதான், ஈ ஃப்ளாட் என்கிற சுரத்தில் ஆரம்பித்து. அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாட்டுக்கு முன்பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. போலீஸ் லைன் குடியிருப்பில் இருக்கிற அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரியாது. யாரும் கேட்காதபோதுகூட, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போய் வீடு காலியாக இருக்கும்போதுகூட, சிகாமணி அந்த மேல் எட்டு பாரைத் தொட்டதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விரல் தானாக அந்தப் பக்கம் போனபோது கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டான். அடுத்த நாள் ரோல் காலில் தனுஷ்கோடியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கூச்சம்! இவனுக்குக் கூச்சம்! தனுஷ்கோடி தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தபோது கமாண்டன்ட் திடீரென்று பதினேழு வாசிக்கச் சொன்னார். எஃப் குறி வந்தது, எட்டு பாருக்கு டிரம்மும் டியூபாவும் மட்டும் பூம் பூம் என்று போயிற்று, ஒன்பதாவது பாரில் சிகாமணி கர்மசிரத்தையாக உள்ளே நுழைந்தான். ஏன்யா நடுவுல பொணம் தூக்குற மாதிரி இருந்துச்சு என்று கமாண்டன்ட் கேட்டார். தாளைத் தவறவிட்டுட்டேன் சார் என்று சிகாமணி சொல்லி ஒரு வாரம் காலையில் எக்ஸ்ட்ரா டிரில் ஓடினான். ஒப்பந்தத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, அது இரண்டு பேர் விஷயம் அல்லவா.

மூன்று நாளைக்கு முன்னால் போர்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினேழாம் நம்பர், எஃப் குறியிலிருந்து பதினாறு பார், ஒவ்வொருவரும் தனித்தனியாக. தனித்தனியாக என்ற வார்த்தையைச் சிகாமணி இரண்டு தடவை படித்தான். தனுஷ்கோடி பக்கத்தில் நின்று அதையே படித்துக்கொண்டிருந்தான். "என்ன மாப்ள இப்படிப் பண்ணிட்டானுவ? உன் பாதிக்கு நான் எங்க போவேன்?" என்றான். முகம் வாடித்தான் இருந்தது. சிகாமணி என்ன செய்தான் தெரியுமா? தன் கவலையை விட்டுவிட்டு அவனுக்குத் தைரியம் சொன்னான். அன்றைக்குச் சாயந்தரமே, மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஸ்டாண்டைப் போட்டு உட்கார வைத்துத் தன் எட்டு பாரையும் சுரம் சுரமாகச் சொல்லிக் கொடுத்தான். இந்த இடத்துல அவசரப்படாத, இங்க மூச்சை அரை நொடி பிடிச்சு வை, இந்த ஈ ஃப்ளாட்ட அழுத்தி எடு. தனுஷ்கோடி தடுமாறினான். விரல் பின்னிக்கொண்டது. ச்சே என்று தொடையில் அடித்துக்கொண்டான். எப்படி மாப்ள நீ இதைப் பன்னெண்டு வருஷமா வாசிக்கிற என்று வியந்தான், சிகாமணிக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. சரி, இப்ப உன் பாதிய எனக்குச் சொல்லு என்று கேட்டபோது, தனுஷ்கோடி மணி பார்த்தான். மாமியாருக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்கு நிச்சயம் என்றான். நாளைக்கு மாமியாருக்குக் கட்டுப் பிரித்தார்கள். அதற்கு மறுநாள் கட்டு மறுபடி போட்டார்கள் போலிருக்கிறது. பாவம், அலைச்சல் என்று சிகாமணி நினைத்தான். பாவம் என்று நினைத்தான்! சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று தாளை எடுத்துக்கொண்டு இந்தக் கரப்பான்பூச்சி ஸ்டோருக்குள் வந்து உட்கார்ந்ததுதான், நேற்றுச் சாயந்தரத்திலிருந்து.

மணி இரண்டு முப்பத்தைந்து. தாவுகிற இடம் இப்போது ஐந்துக்கு நான்கு. அடுத்து ஓட்டம், மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே, அது வெறும் உழைப்புதான், காலையிலேயே படிந்துவிட்டது. எட்டாவது பாரின் கடைசியில் இரண்டு சுரம், பி, சி. அதோடு தனுஷ்கோடியின் பாதி முடிகிறது. அப்புறம் சிகாமணியின் ஈ ஃப்ளாட். அங்கேதான் இவ்வளவு நேரமும் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், இரண்டு பாதியையும் இன்னும் ஒட்டிப் பார்க்கவில்லை. சரி, ஒட்டலாம். பி-யை இடது சுண்டுவிரலில் பிடித்தான், சி-யை வலது சுண்டுவிரலில். முதல் வருஷம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பிடி, கண்ணை மூடினால்கூட வரும். சி-யிலிருந்து ஈ ஃப்ளாட் என்றபோது விரல் திகைத்து நின்றுவிட்டது. ஈ ஃப்ளாட்டுக்கு உள்ள கீ வலது சுண்டுவிரலுக்கு மட்டும்தான் எட்டும், இடது கைப்பக்கம் அதற்கு கீயே கிடையாது. அந்த விரலோ இன்னும் சி-யின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே விரல் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் எப்படி இருக்கும்? வழுக்கிப் பார்த்தான், நடுவில் ஏப்பம் விட்டதைப் போல ஒரு சத்தம். மூக்கு எண்ணெயைத் தடவி வழுக்கினான், ஏப்பம் கொஞ்சம் மெதுவாக வந்தது, அவ்வளவுதான். தூக்கி வைத்தான், சத்தத்தில் ஓட்டை விழுந்தது. உட்கார்ந்து யோசித்தான். வேறு வழியே இல்லை, பி-யை வலது விரலுக்கு மாற்ற வேண்டும், சி-யை இடது சுண்டுவிரலுக்குக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் ஈ ஃப்ளாட்டுக்கு வலது விரல் சும்மா இருக்கும். முறைக்கு மாறான பிடி. கையைத் திருகிக்கொண்டு போகிற பிடி. எட்டு பாரோடு நிறுத்துகிறவன் எவனும் இந்தப் பிடிக்குப் போக மாட்டான், அவனுக்கு என்ன அவசியம்? செய்து பார்த்தான். வலது, இடது, வலது. பி, சி, ஈ ஃப்ளாட். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் போலப் போயிற்று. இன்னொரு தடவை. வலது, இடது. தன் இடது சுண்டுவிரல் போய் அந்த நீளமான கீயின் மேல் உட்கார்ந்ததைக் குனிந்து பார்த்தான். அதை அவன் எங்கேயோ பார்த்திருக்கிறான். எங்கேயோ என்ன எங்கேயோ, பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தனுஷ்கோடியின் இடது சுண்டுவிரல். மோதிரத் தழும்பு உள்ள விரல். சிகாமணி எப்போதும் அவனுக்கு இடப்பக்கம்தான் நிற்பான், ஓரக்கண்ணால் அந்த விரலைத்தான் பார்ப்பான், அது போய் உட்கார்ந்தால் அடுத்தது நாம் என்று அர்த்தம். அணிவகுப்பில், மழையில், மந்திரி வருகிற தூசியில், அந்த ஒரு விரலை நம்பித்தான் பன்னிரண்டு வருஷம் உள்ளே நுழைந்திருக்கிறான். இடது சுண்டுவிரல். எட்டு பாரோடு நிறுத்துகிறவன் சி-யை இடதில் எதற்குப் பிடிக்கிறான்? பழக்கமாக இருக்கும். சில பேருக்கு இடது கை வாகு. இல்லையே, தனுஷ்கோடி வலது கையால்தானே எழுதுகிறான், வலது கையால்தானே சல்யூட் அடிக்கிறான், அது எல்லாரும் வலது கையால்தான் அடிப்பார்கள், மடையா. வேறு இடங்களில் அவன் சி எப்படிப் பிடிக்கிறான்? ஆறாம் நம்பரில் வலது. இருபத்தொன்றில் வலது. சர்ச் துண்டில் வலது. பதினேழில் மட்டும், எஃப் குறிக்கு அப்புறம் எட்டாவது பாரில் மட்டும், இடது. அடுத்து ஈ ஃப்ளாட்டுக்குப் போகப் போகிறவனின் கை. போய்ப் போய்ப் பழகின கை. ஊதாமல் நிறுத்திக்கொள்கிறான், ஆனால் கை போகிற வழியைத் தெரிந்து வைத்திருக்கிறது. மனசு ஒரு பக்கம் இருக்காது இருக்காது என்றது. இன்னொரு பக்கம், அந்த மஞ்சள் காமாலை வருஷம் என்றது. சிகாமணி இருபது நாள் கீழாநெல்லி குடித்துக்கொண்டு படுத்திருந்தான், குடியரசு தினம் இடையில் வந்து போயிற்று. திரும்பி வந்து, பதினேழ என்ன பண்ணின மாப்ள என்று கேட்டதற்கு, உன் இடத்துல நானும் சும்மாதான் நின்னேன் என்றான் தனுஷ்கோடி. ஆனால் டிரம் அடிக்கிற காத்தமுத்து, தட்டில் வடையைப் பிய்த்துக்கொண்டே, ஏன், நல்லாத்தான போச்சு என்றான். தனுஷ்கோடி அவன் காலை மிதித்தானா? மிதித்தான். மேஜை ஆடியது, டீ தளும்பியது, சிகாமணி தன் டம்ளரை மட்டும் பிடித்துக்கொண்டான். அப்படியானால் காத்தமுத்துவுக்குத் தெரியும். டியூபாவுக்குத் தெரியும். பேண்டு மாஸ்டர் அன்றைக்கு முன்னால் நின்று கோல் அசைத்தாரே, அவருக்குத் தெரியும். முப்பத்திரண்டு பேருக்கும் தெரியும். எட்டு பாருக்கு டிரம்மை மட்டும் போக விட்டுவிட்டு எக்ஸ்ட்ரா டிரில் ஓடினவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. எலே சிகாமணி, உன்னை மாதிரி ஒரு கேனப்பயலை இந்தத் தாமிரபரணிக் கரை பெத்துப் போட்டிருக்கே! வேப்பமரத்தடியில் அவன் தடுமாறினானே, தொடையில் அடித்துக்கொண்டானே, அந்தத் தடுமாற்றத்தைக்கூட அவன் வாசித்துத்தான் காட்டியிருக்கிறான். இது துரோகம். இதற்கு வேறு பேர் இருந்தால் யாராவது வந்து சொல்லட்டும். நாற்காலி போனால் போகிறது, அவன் திறமைக்கு அவன் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலியான வீட்டில் பெட்டியை மூடி வைத்தேனே, அதை எங்கே கொண்டு போய்ச் சொல்வது?

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வேர்வைதான் என்று துடைத்துக்கொண்டான். கோபத்திலும் கை வேலையை விடவில்லை, அதுதான் ஆச்சரியம். வலது, இடது, வலது. வலது, இடது, வலது. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒட்டிக்கொண்டன. மூன்று மணி அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது, பேண்டு மாஸ்டரின் குரல் தனுஷ்கோடி என்றது. சிகாமணி கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு காதைச் சுவரில் ஒட்டினான், சுண்ணாம்பு காதில் அப்பிக்கொண்டது. கடவுளே, அவன் தடுமாறட்டும். அவன் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை, ஆண்டவர் சாட்சி; ஒன்பதாவது பாரில் ஒரு சின்னத் தடுமாற்றம் போதும், அவன் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும், இவ்வளவு நேரம் நினைத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். தனுஷ்கோடி வாசித்தான். தாவுகிற இடம் தண்ணீர் போல. ஓட்டம் தண்ணீர் போல. பி, சி. சிகாமணியின் நாக்கு தானாக எழும்பிற்று, ஈ ஃப்ளாட் தன்னுடையது அல்லவா. சுவருக்கு அந்தப் பக்கம் ஈ ஃப்ளாட் வந்தது, அழுத்தமாக, இழையாக, ஒரு கீறல் இல்லாமல். அப்புறம் எட்டு பாரும். ஒரு இடத்தில் மூச்சை அரை நொடி பிடித்து வைத்தான், மூன்று நாளைக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தபடி. அது ஒன்றுதான் அவனுக்குப் புதிது போலிருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டான். முடிந்ததும் யாரோ பேஷ் என்றார்கள். பிறகு ரொம்ப நேரம் பேச்சுக் குரல், தனுஷ்கோடியின் தணிந்த குரல் என்னவோ சொல்லிக்கொண்டே போயிற்று, சிகாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஸ்டோர் கதவைத் தள்ளிக்கொண்டு தனுஷ்கோடி உள்ளே வந்தான். நெற்றியில் வேர்வை, முகத்தில் வீட்டில் விசேஷம் முடிந்த களை. பேஸ் டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டான். "ஏதோ முட்டி மோதி முடிச்சிட்டேன் மாப்ள."

"கேட்டேன்" என்றான் சிகாமணி.

தனுஷ்கோடி சுவரைப் பார்த்தான், சிகாமணியின் காதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பார்த்தான். "எவ்வளவு நாளா?" என்று சிகாமணி கேட்டான். குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"என்ன எவ்வளவு நாளா?"

"என் பாதி."

தனுஷ்கோடி கிளாரினெட்டின் அகன்ற அடிமுனையை உள்ளங்கையால் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "அதெல்லாம் எதுக்கு மாப்ள இப்ப? மொத வருசம். கை சும்மா இருக்குமா? நீயும் பழகியிருப்பேன்னுதான் நெனச்சேன். எவன்டா நெசமாவே பழகாம இருப்பான்? நீ அன்னைக்கு டிரில் ஓடினப்பதான் எனக்கே தெரியும், நீ தொடவே இல்லன்னு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" பெருமூச்சு விட்டான். பிறகு எழுந்து வந்து சிகாமணியின் தோளில் கை வைத்தான். "நீ ஒண்ணும் கவலைப்படாத. உனக்காக நான் உள்ள பேசிட்டேன். இடது சுண்டுவிரல்ல அடி, பரேடுல கொடிக்கம்பம் விழுந்துச்சு, மடக்க முடியலன்னு சொல்லிட்டேன். எஃப்லேர்ந்து உன்ன வாசிக்கச் சொல்ல மாட்டாங்க. வேற துண்டு ஏதாவது வாசி. பெரியவரு ரொம்ப நல்ல மனுசன், பாவம்னு எழுதிக்கிட்டாரு. உன் மானம் போயிரக் கூடாதுல்ல? நீ வாசிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா மாப்ள?"

நீ வாசிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா. சிகாமணி அந்த வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கே தொட்டாலும் சுட்டது. தோளில் இருந்த கை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. இருபது வருஷம் பழகின கை, காமாலையில் இளநீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த கை, ஜெமிலா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் மழையில் நின்ற கை. இவன் இரக்கத்தில் சொன்னானா, இல்லை, நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னானா? கேட்டால் இரக்கம் என்பான், அதை அவனே நம்பவும் செய்வான். அவன் பொய் சொல்கிறவன்கூட இல்லை, அவனுக்கு எது தோதோ அது அவனுக்கு நிஜம். இன்னொன்றும் மெதுவாகப் புரிந்தது. உள்ளே போய் எஃப் குறியிலிருந்து வாசித்துவிட்டால் தனுஷ்கோடி பெரிய அதிகாரியிடம் பொய் சொன்னவன் ஆகிவிடுவான். நாற்காலி மட்டுமா, சட்டைக் கையிலிருக்கிற ஸ்டிரைப்ஸுக்கே ஆபத்து. வாசிக்காமல் இருந்தால் நாற்காலி தனுஷ்கோடிக்கு, சிகாமணி நொண்டி விரல்காரன், ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும். வாசிக்கப் போய், மோதிர விரல் பின்தங்கி, பாதியில் கீச்சென்று போனால்? ஐந்துக்கு நான்குதானே கை வந்திருக்கிறது. அப்போது இரண்டு பேரும் போனார்கள், முப்பத்திரண்டு பேரும் சிரிப்பார்கள். பேசாமல் இருந்துவிடு சிகாமணி, இருபது வருஷ சிநேகிதம். இருபது வருஷ சிநேகிதம் என்கிறாயே, அது யாருக்கு? அவனுக்கு அது பாதிச் சிநேகிதம், எனக்கு முழுசு.

"ஞானசிகாமணி!" என்று பேண்டு மாஸ்டர் கூப்பிட்டார்.

எழுந்தான். கால் மரத்துப் போயிருந்தது. தனுஷ்கோடி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டான், காதிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டான், மறந்துறாத, இடது கை, என்று மெதுவாகச் சொன்னான். ஹால் வாசலில் அவன் நின்றுகொண்டான், சிகாமணி மட்டும் உள்ளே போனான். பச்சைத் துணிக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு நரைத்த மீசை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். நல்ல மனுஷன்தான், பார்த்தாலே தெரிந்தது. வாய்யா, உக்காரு என்றார். முன்னால் கிடந்த தாளில் எஃப் குறிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். சிகாமணிக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. வலது, இடது, வலது. விரல்கள் அதுபாட்டுக்குக் கிளாரினெட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன, அவனைக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வாசலில் தனுஷ்கோடி மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வலிக்குது சார் என்று சொல்லத்தான் சிகாமணி வாயைத் திறந்து வைத்திருந்தான், சத்தியமாக அதைத்தான் சொல்வதாக இருந்தான்.

"விரல் எப்படிய்யா இருக்கு?" என்று அதிகாரி பரிவாகக் கேட்டார்.

"எந்த விரல் சார்?" என்றான் சிகாமணி.